யாருக்கு இந்த ராட்டினம்?

என் நண்பர் ஒருவருடைய மகள் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரத்தில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு ஐந்து வயது; இளையவளுக்கு இரண்டரை. விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்பது பற்றி அந்த வீட்டில் ஒரு மாதமாக மகாநாடு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஃப்ளோரிடா கட்சி. போனால் டிஸ்னி வோர்ல்டுக்குத்தான் போக வேண்டும், அதுதான் பெரியது என்பது அவர் வாதம். மாப்பிள்ளையின் தம்பி, அதே ஃப்ளோரிடாவில் இருக்கும் யூனிவர்சல் கட்சி. பெண் மட்டும், கலிபோர்னியாவில் இருக்கும் பழைய டிஸ்னிலாந்து போதாதா என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னையில் இருக்கும் என் நண்பர், அதாவது குழந்தைகளின் தாத்தா, எதிர்க்கட்சி. "இந்தப் பணத்துக்கு இங்கே வந்து குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுவிட்டுப் போகலாமே" என்பது அவர் பிரேரணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் நண்பர் வீட்டில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் கைபேசித் திரையில் தோன்றினாள். "மாமா, நல்ல வேளை, நீங்க இருக்கீங்க. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்றாள்.

நான் கேட்டேன்: "சின்னவ மத்தியானம் எத்தனை மணிக்கும்மா தூங்குவா?"

"ஒரு மணிக்குப் படுத்தா மூணு வரைக்கும் தூங்குவா. ஏன் மாமா?"

"அப்ப கலிபோர்னியாவுக்குப் போ."

திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவர் தம்பியும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் என் நண்பரும் சிரித்தார். ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் ஒரு பிரயாணத்தை இரண்டரை வயதுக் குழந்தையின் பகல் தூக்கத்தைக் கேட்டா நிச்சயம் செய்வது? கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் நண்பரின் கட்சியைத் தீர்த்துவிடுகிறேன். கேளிக்கைப் பூங்கா என்றாலே அது மேனாட்டு வியாபாரிகளின் சூழ்ச்சி, குழந்தைகளைக் கெடுக்கும் மாயாபஜார் என்று முகத்தைச் சுளிப்பவர்கள் நம்மில் அநேகர். அவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் குழந்தையாக இருந்தபோது தேர்த்திருவிழாவுக்குப் போகவில்லையா? அங்கே சாமி கும்பிட்டது எவ்வளவு நேரம், குடை ராட்டினத்தின் பக்கம் நின்றது எவ்வளவு நேரம்? பஞ்சுமிட்டாயும் ஊதுகுழலும் வேண்டும் என்று தரையில் புரண்டதெல்லாம் மறந்துபோயிற்றா? ராட்டினத்துக்காரன் அன்றைக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் சுற்றினான். குழந்தைகளுக்குச் சுற்றுவது பிடிக்கும். வெளிச்சமும் வாத்தியமும் பொய்க்குதிரையும் பிடிக்கும். அதில் கீழ்நாடு, மேல்நாடு என்ற பேதம் கிடையாது. ஆகையால் போவதா வேண்டாமா என்று நான் வாதாட வரவில்லை. போகட்டும். எங்கே போவது, எப்படிப் போவது என்பதில்தான் எனக்குச் சண்டை.

சண்டைக்குக் காரணம் இதுதான். இந்த இடங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியவர்கள் தங்களுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். பழியைக் குழந்தைகள் தலையில் போடுகிறார்கள். எது பெரியது, எது புதியது, எதைப் பார்த்தோம் என்று சொன்னால் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள் என்று பார்க்கிறார்கள். குழந்தை எவ்வளவு உயரம், அதன் கால் எவ்வளவு தூரம் நடக்கும், அது எத்தனை மணிக்குக் கண்ணைக் கசக்கும் என்று பார்ப்பதில்லை. பிறகு, "எல்லாம் குழந்தைகளுக்காகத்தான்" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்தப் பூங்காக்கள் பிறந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். வால்ட் டிஸ்னி தம்முடைய இரண்டு பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிஃபித் பூங்காவில் இருந்த குதிரை ராட்டினத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். பெண்கள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். தகப்பனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து சந்தோஷப்படும்படியாக ஓர் இடம் இருக்கக் கூடாதா என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் உதித்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம்தான் 1955-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, அனஹைம் என்ற ஊரில் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த 160 ஏக்கர் நிலத்தில், டிஸ்னிலாந்து ஆகத் திறக்கப்பட்டது. திறப்பு விழா பெரிய அமர்க்களம். தார் சரியாக இறுகாமல் சீமாட்டிகளின் குதிகால் செருப்புகள் தரையில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தினால் குடிநீர்க் குழாயா, கழிவறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். குழந்தை குட்டியோடு வெளியே போய்ப் பழகிய மனிதர் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை!

ஆக, அடிப்படை எண்ணம் சேர்ந்திருப்பது. அந்தத் தராசிலேயே இன்றைய மூன்று கட்சிகளையும் நிறுத்துப் பார்ப்போம்.

தம்பியின் யூனிவர்சல் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்தில் 1990-ஆம் வருஷம் முதல் பூங்கா திறந்தது, 1999-இல் இரண்டாவது, 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் 'எபிக் யூனிவர்ஸ்' என்ற புதிய பூங்கா. சாமர்த்தியத்துக்கும் பிரமிப்புக்கும் குறைவே இல்லை. ஆனால் பெரும்பாலான சவாரிகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கிறது. ஹாரி பாட்டர் கோட்டைக்குள் பறக்கும் பெரிய சவாரிக்கு 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர் வேண்டும். 'ஹல்க்' என்ற உருளும் ரயிலுக்கு 54 அங்குலம். டைனோசர் பெயர் கொண்ட 'வெலாசிகோஸ்டர்' ரயிலுக்கு 51. ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். 122-ஐ எட்டுவதற்கு ஏழு வயது ஆகவேண்டும். இரண்டரை வயதுக் குழந்தையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அளவுகோல் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடம் முழுவதிலும் உண்மை பேசும் சாமான் அது ஒன்றுதான் என்று கூடச் சொல்லுவேன். 'உனக்காக இது கட்டப்படவில்லை' என்று அது நேருக்கு நேர் குழந்தையிடம் சொல்கிறது. கோபமெல்லாம், அந்த உண்மையை வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டிருக்கக்கூடிய தகப்பன் மேல்தான். உயரப் பட்டியலை அந்தக் கம்பெனிகளே வெளியிடுகின்றன. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்தால் முடிந்தது காரியம். அதைச் செய்யாமல் ஆயிரம் மைல் அழைத்துப் போய், வரிசையில் நிறுத்தி, மற்றப் பிள்ளைகளுக்கு எதிரில் கோலுக்கு அடியில் நிற்க வைத்து, "இல்லையப்பா, நீ அடுத்த தடவை" என்று திருப்பிக்கொண்டு வருவது என்ன நியாயம்?

இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் மாறி மாறிச் சவாரி செய்யலாம். தகப்பன் உள்ளே போகும்போது தாய் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே இருக்க வேண்டும்; அவர் திரும்பி வந்ததும், மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இவள் உள்ளே போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாருங்கள், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் ஒரு மனிதர் பூங்கா கட்டினார். எழுபது வருஷத்துக்குப் பிறகு நாம் பணம் கொடுத்து அதே பெஞ்சுக்குத் திரும்பி வந்திருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், இப்போது குழந்தையும் பெஞ்சில் இருக்கிறது; ராட்டினத்தில் சுற்றுவது அப்பா!

மூன்று வயது நிறைந்துவிட்டால் அநேகமாகப் பெரியவர்களின் கட்டணமேதான், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டிஸ்னியிலும் சரி, யூனிவர்சலிலும் சரி. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் குழந்தை பெரிய மனுஷன். சவாரி வாசலில் அவனே சின்னப் பையன். இந்த இரட்டைக் கணக்கைக் குழந்தை கேட்க முடியாது. தகப்பன் கேட்கலாம், ஆனால் அவர் எதில் ஏறலாம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி மாப்பிள்ளையின் கட்சிக்கு வருகிறேன். டிஸ்னி 1966-இல் காலமானார். அதற்கு முன்பே அவருடைய ஆட்கள் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ஃப்ளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கிவிட்டார்கள். 1971-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அங்கே டிஸ்னி வோர்ல்டு திறந்தது. இன்றைக்கு அங்கே நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 40 சதுர மைல். ஊர் என்று சொல்வது தப்பு, ஒரு சமஸ்தானம்.

குழந்தைகளுக்கு ஏற்ற சவாரிகள் அங்கே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். டம்போ என்ற பறக்கும் யானை உண்டு. பீட்டர் பானின் பறக்கும் கப்பல் உண்டு. உலகத்துக் குழந்தைகளெல்லாம் பொம்மையாக நின்று பாடும் படகுச் சவாரி உண்டு. குதிரை ராட்டினம் உண்டு. இவற்றில் ஒன்றுக்கும் உயரக் கட்டுப்பாடு கிடையாது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். ஆனால், வாசகர்களே, இதே டம்போவும், இதே பீட்டர் பானும், இதே படகும், இதே குதிரைகளும் அனஹைமிலும் இருக்கின்றன. அந்தப் படகுச் சவாரி 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காகச் செய்யப்பட்டு, 1966-இல் அனஹைமில்தான் நிலையாக வந்து சேர்ந்தது. ஆகவே இரண்டரை வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை, ஃப்ளோரிடாவில் கிடைத்து கலிபோர்னியாவில் கிடைக்காதது என்ன? தூரம்!

ஃப்ளோரிடாவில் 'மாஜிக் கிங்டம்' என்ற முதல் பூங்காவுக்குக் காரில் போனால் பூங்கா வாசலில் இறங்க முடியாது. தூரத்தில் ஒரு மைதானத்தில் காரை நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் மோனோரயிலிலோ, ஏரியைக் கடக்கும் படகிலோ ஏறினால்தான் வாசல் வரும். விடுதிப் பேருந்தில் போனால் அதற்குக் காத்திருந்து, தள்ளுவண்டியை மடக்கி, தூங்குகிற குழந்தையைத் தோளில் சாய்த்து, மூத்ததைக் கையில் பிடித்து ஏற வேண்டும். அறைக்குத் திரும்புவதற்கு முக்கால் மணி, ஒரு மணி சுலபமாக ஆகிவிடும். மறுபடி வர இன்னொரு மணி. இதை ஒரு தடவை செய்த தாய் மறுநாள் செய்யமாட்டாள். "தள்ளுவண்டியிலேயே தூங்கட்டும்" என்று சொல்லிவிடுவாள். ஃப்ளோரிடாவின் கோடையில், வாத்தியமும் வாணவேடிக்கையும் ஜனக்கூட்டமுமான இடத்தில், வண்டியில் மடங்கிப் படுத்து இரண்டரை வயதுக் குழந்தை தூங்கும் தூக்கம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிற்பகலில் இடியும் மழையும் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளையும் நிறுத்திவிடுவார்கள். அப்போது குடையும் குழந்தையுமாக நாற்பது சதுர மைல் சமஸ்தானத்தில் ஒதுங்க இடம் தேட வேண்டியதுதான்.

அனஹைமில் இரண்டே பூங்காக்கள். 1955-இல் திறந்தது ஒன்று, 2001-இல் திறந்தது ஒன்று. ஒரே முற்றத்தின் இரண்டு பக்கத்திலும் எதிரும் புதிருமாக அவற்றின் வாசல்கள். ஹார்பர் சாலையைத் தாண்டினால் சாதாரண விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. பத்து நிமிஷ நடை. பகல் பன்னிரண்டரைக்குக் குழந்தை கண்ணைக் கசக்கினால் ஒரு மணிக்குப் படுக்கையில் இருக்கும். நாலு மணிக்கு எழுந்து, பால் குடித்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு அதே சீட்டில் மறுபடி உள்ளே போகலாம். இதுதான் என் தீர்ப்புக்குக் காரணம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்கும் சிறிய குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் சங்கமே 2016-இல் அறிவித்திருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை.

ஃப்ளோரிடாவின் கோட்டை 189 அடி; அனஹைமின் கோட்டை 77 அடிதான் என்று மாப்பிள்ளை என்னிடம் ஒரு போடு போட்டார். வாஸ்தவம். மூன்றடி உயரமுள்ள ஜீவனுக்கு 77 அடியும் ஆகாயம்தான், 189 அடியும் ஆகாயம்தான். அந்த 112 அடி வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரிகிறது? மாப்பிள்ளையின் கண்ணுக்கு. அதனால்தான் கேட்கிறேன், யாருக்கு இந்த ராட்டினம்?

அவர் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். "மாமா, அனஹைமில் கூட்ட நாளில் ஒருத்தருக்கு ஒரு நாள் சீட்டு 200 டாலரைத் தாண்டுது. எட்டு மணி நேரம்னு வச்சாக்கூட மணிக்கு 25 டாலர். மத்தியானம் மூணு மணி நேரம் அறையில் போய்ப் படுத்தா, ஆளுக்கு 75 டாலர் தண்டம் இல்லையா?" இஞ்சினீயர் கணக்கு, தப்பே இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். தூங்காத குழந்தையோடு பிற்பகல் மூன்றிலிருந்து இரவு வரை கழியும் நேரத்துக்கு என்ன விலை போடுவது? அது சவாரி செய்யாது, சாப்பிடாது, இறக்கிவிட்டால் தூக்கு என்னும், தூக்கினால் இறக்கு என்னும். பூங்காவோ இரவு வரை திறந்திருக்கிறது. மூன்று மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்தவர்கள் வாணவேடிக்கை வரை சிரித்துக்கொண்டு இருப்பார்கள். கொடுக்காதவர்கள் முழு நாளையும் இழப்பார்கள். நஷ்டம் யாருக்கு?

இந்த மணிக்கணக்கு மனப்பான்மைதான் எனக்குப் பிடிக்காத இன்னொன்றையும் வளர்த்துவிட்டது. டிஸ்னி பூங்காக்களில் 1999-ஆம் வருஷம் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. ஒரு சவாரிக்கு நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விட்டு, அந்த நேரத்துக்கு வந்தால் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். அதற்குத் தனிக் காசு இல்லை. 2020-இல் நோய்த் தொற்றினால் பூங்காக்கள் மூடியபோது அது நின்றது. 2021 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் அது வேறு பெயரோடு, விலையோடு வந்தது. 2024-இல் மறுபடி பெயர் மாறியது. அதே வருஷத்தில், வேண்டிய நேரத்தில் சிறப்பு வரிசைகளில் புகுந்து போக ஆளுக்குச் சில நூறு டாலர் விலையில் இன்னொரு சீட்டும் வந்தது. யூனிவர்சலிலும் விலைக்கு விற்கும் விரைவு வரிசை உண்டு. உயர்ந்த விடுதிகளில் தங்கினால் அது இனாம். நமக்கு இது புதிதா? தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் என்று கோயில் வாசலிலேயே பழகியவர்கள் நாம்! ஆனாலும் ஒன்று சொல்வேன். ஸ்வாமிக்கு எதிரில் கூச்சமாக இருக்கிற காரியம் குழந்தைக்கு எதிரிலும் கூச்சமாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பையன் வெயிலில் வரிசையில் நின்றுகொண்டே, பக்கத்து வரிசையில் இன்னொரு பையன் ஓடிப்போய் ஏறுவதைப் பார்க்கிறான். "அவன் மட்டும் ஏம்ப்பா?" என்று கேட்கிறான். சந்தோஷத்தைப் பற்றிய முதல் பாடத்தை அங்கே அவன் படித்துவிடுகிறான். இது அனஹைமிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதவன் அந்தச் சீட்டை வாங்க வேண்டியதில்லை. காலையில் வாசல் திறக்கும்போதே போய், கூட்டம் சேருமுன் நாலு சவாரி ஏறிவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு அது எதற்கு?

இப்போது என் கோபத்தின் அடிவேரைச் சொல்கிறேன். ஒரு சமயம் ஒரு பெரிய பூங்காவில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். எந்தப் பூங்கா, எந்த நாடு என்பது வேண்டாம், எங்கேயும் நடப்பதுதான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூன்று, மூன்றரை வயதுப் பெண் குழந்தை. இளவரசி மாதிரி ஜிகினா கவுன், தலையில் கிரீடம். தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்ட அழுதுகொண்டிருந்தது. தாய் படத்தை விரித்து அடுத்தது எது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தூக்கம். தகப்பன் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னான்: "எவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம்! இப்படி அழுது மானத்தை வாங்குறியே!"

அவன் கெட்டவன் அல்ல. நாலு மாதச் சேமிப்பை அந்த ஒரு நாளில் கொட்டியிருப்பான். காலையிலிருந்து குழந்தையைத் தோளில் சுமந்திருப்பான். சட்டை முதுகு நனைந்திருந்தது. ஆனால் அவன் சொன்ன வார்த்தையின் அர்த்தம் என்ன? 'உனக்குச் சந்தோஷம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சந்தோஷப்பட்டு அதைத் திருப்பிக் கொடு' என்பதுதானே? அந்தக் குழந்தை யாரிடமும் கடன் கேட்கவில்லை. கோட்டை வேண்டும் என்று கேட்கவில்லை. 27,000 ஏக்கர் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு ஆபீசுக்குப் போகாமல் கூடவே இருக்கிறார்கள் என்பதே அதற்குப் போதும். நாம்தான் அதன் தலையில் பெரிய கடனை ஏற்றி, மூன்று மணிக்கு வசூலுக்கு நிற்கிறோம்.

பெரிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் தேர்ந்தெடுப்பது இந்த வசூலைத்தான். செலவு ஏற ஏற, 'பார்த்தே ஆகவேண்டும்' ஏறுகிறது. அது ஏற ஏற, குழந்தையின் பசிக்கும் தூக்கத்துக்கும் இடம் குறைகிறது. கடைசியில் யாருக்காகப் போனோமோ அவர்களே இடைஞ்சலாகிவிடுகிறார்கள்.

"இந்த வயசில் அழைத்துப் போனால் அதுகளுக்கு ஞாபகமா இருக்கப் போகிறது?" என்று என் நண்பர் நடுவில் புகுந்தார். இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டரை வயதில் நடந்தது எனக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் இல்லை. அதனால் அந்த வயதில் எங்களுக்கு யாரும் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டாமலா இருந்தார்கள்? ஞாபகம் இருக்கும் என்பதற்காகவா குழந்தையைக் கொஞ்சுகிறோம்? அன்றைய சந்தோஷம் அன்றைக்குப் போதும். மேலும், ஞாபகம் இருக்காது என்பதை ஒப்புக்கொண்டால் என் கட்சிதான் பலப்படுகிறது. கோட்டையின் உயரமும் பூங்காவின் எண்ணிக்கையும் ஞாபகத்துக்கு உதவாதென்றால், மிஞ்சுவது அந்த நாள் சுகமாகக் கழிந்ததா என்பது ஒன்றுதானே?

ஃப்ளோரிடாவே கூடாது என்பது என் வாதம் அல்ல. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் யூனிவர்சலுக்குப் போகட்டும்; அளவுகோல் அவர்களைக் கும்பிட்டு உள்ளே விடும். கால் வலுத்த பிள்ளைகளுக்கு டிஸ்னி வோர்ல்டின் நான்கு பூங்காக்களும் ஒரு வாரத்துக்குக் காணும். சிறு குழந்தைகளோடு அங்கேதான் போக வேண்டும் என்றால், மாஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகக்கூடிய விடுதிகளும் உண்டு. விலை அதிகம், ஆனால் நாலு பூங்காவுக்குச் சீட்டு வாங்காமல் ஒன்றுக்கு மட்டும் வாங்கினால் மிச்சப்படுகிற பணம் அதில் கொஞ்சத்தை ஈடு செய்யும். அதே ஃப்ளோரிடாவில் வின்ட்டர் ஹேவன் என்ற ஊரில், 1936-லிருந்து இருந்த பழைய பூந்தோட்டம் ஒன்றின் இடத்தில், 2011-இல் லெகோலாந்து திறந்தது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை நினைத்துக் கட்டியது. விடுதி வாசலுக்கு எதிரிலேயே பூங்கா வாசல். பக்கத்திலேயே 2022-இல் இன்னும் சிறியவர்களுக்காக 'பெப்பா பிக்' பூங்காவும் வந்திருக்கிறது. டல்லாஸ் வீட்டின் ஒரு மாத மகாநாட்டில் இந்தப் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை! ஏன்? ஊரில் சொன்னால் யாருக்கும் தெரியாது, அதனால்தான்.

ஆகவே, சிறு குழந்தைகளோடு புறப்படுகிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்கிறேன். என் குழந்தையின் உயரத்துக்கு அங்கே எத்தனை கதவு திறக்கும்? குழந்தை கண்ணைக் கசக்கியதும் எத்தனை நிமிஷத்தில் படுக்கைக்குக் கொண்டு சேர்ப்பேன்? பாதியைப் பார்க்காமல் திரும்பினாலும் வயிறு எரியாத அளவில் செலவு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் இடம் எதுவோ அதுவே நல்ல இடம். அதன் பெயர் பெரியதாக இருந்தாலும் சரி, சிறியதாக இருந்தாலும் சரி.

அந்தப் பெண் கடைசியில் கலிபோர்னியாவுக்குத்தான் போனாள். மாப்பிள்ளை ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தாராம்: பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆனதும் ஃப்ளோரிடா. நியாயமான நிபந்தனை. திரும்பி வந்த பிறகு மறுபடி திரையில் தோன்றினாள். மூத்தவனிடம், "என்னடா ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். டம்போ என்றான்; மூன்று தடவை ஏறினானாம். சின்னவளைக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அப்பா தூங்கினாங்க" என்றாள்.

விஷயம் என்னவென்றால், தினமும் பகலில் குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று பக்கத்தில் படுத்த மாப்பிள்ளை, அவளுக்கு முன்னால் குறட்டை விட்டிருக்கிறார். மணிக்கு 25 டாலர் கணக்குப் போட்ட அதே மாப்பிள்ளை!